‘உங்க அக்கா முன்னால வாசிப்பியா?’: ஒரு கல்லூரி விடுதியில் எழுந்த வேதத் தகராறு – நிகழ்வு ஆய்வு

தென் தமிழகத்தின் கடலோர மாவட்டம் ஒன்றில், ஒரு தனியார் கலை அறிவியல் கல்லூரியின் ஆண்கள் விடுதியில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த சம்பவம் இது. நான் அங்கே வரலாற்று ஆசிரியர். விடுதியின் துணைக் காப்பாளரும்கூட. ஊர், பெயர், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் எதையும் இங்கே தரவில்லை. தகராறில் நேரடியாகச் சம்பந்தப்பட்ட இரண்டு மாணவர்களும் படித்துப் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகே இதை வெளியிடுகிறேன். வேதங்களில் வரும் பாலியல் சித்திரங்களை முன்வைத்து முஸ்லிம், கிறிஸ்தவ இளைஞர்கள் மோதிக்கொள்வது இன்று பல விடுதிகளில் நடக்கிறது. அதைக் கையாள வேண்டிய இடத்தில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பின்னணி

எங்கள் விடுதியில் இரு சமூகத்துப் பிள்ளைகளும் கணிசமாக உண்டு. நோன்புப் பெருநாளைக்கு ஒரு பக்கமிருந்து பிரியாணி வரும், கிறிஸ்துமஸுக்கு மறு பக்கமிருந்து கேக் வரும். தகராறில் ஈடுபட்ட இருவரும் ஒரே அறையில் ஓராண்டு இருந்தவர்கள். ஒருவர் வணிகவியல் மூன்றாம் ஆண்டு, முஸ்லிம். மற்றவர் இயற்பியல் இரண்டாம் ஆண்டு, கிறிஸ்தவர், பெந்தெகொஸ்தே சபைக் குடும்பம். முன்னவரின் உம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பும் பலகாரத்தில் பாதி பின்னவருக்கு என்று சொல்லியே அனுப்புவார். அந்த அளவுக்குப் பழக்கம்.

அந்த ஆண்டு ஜூலையில் இரண்டு தரப்பிலும் கைப்பேசியில் காணொளித் துண்டுகள் சுற்ற ஆரம்பித்தன. பழைய விவாத மேடைகளிலிருந்து வெட்டியெடுத்த இரண்டு, மூன்று நிமிடத் துண்டுகள். அவற்றில் அதிகம் சுற்றியது 1986-ல் அமெரிக்காவின் லூசியானாவில் நடந்த விவாதத்தின் ஒரு பகுதி. தென்னாப்பிரிக்காவின் அஹ்மத் தீதாத், அமெரிக்கத் தொலைக்காட்சிப் போதகர் ஜிம்மி ஸ்வாகர்ட்டைப் பார்த்து, பைபிளின் எசேக்கியேல் புத்தகத்தில் 23-ஆம் அதிகாரத்தை இந்த மேடையில் வாசித்தால் 100 டாலர் தருகிறேன் என்றார். அவரும் வாசித்தார். துண்டு அங்கே முடிந்துவிடும். அந்த அதிகாரம் எதைப் பற்றியது என்று துண்டைப் பார்த்த ஒருவருக்கும் தெரியாது.

வழக்கு மிகப் பழையது. கிறிஸ்தவத் தரப்பில் 8-ஆம் நூற்றாண்டிலேயே தமஸ்கு யோவான், மனைவியரை விளைநிலத்தோடு ஒப்பிடும் குர்ஆன் வசனத்தை (2:223) எடுத்துக் குறை சொன்னார். முஸ்லிம் தரப்பில் 11-ஆம் நூற்றாண்டில் கொர்தோபாவின் இப்னு ஹஸ்ம், லோத்து குடிமயக்கத்தில் தன் மகள்களோடு கூடியதாகச் சொல்லும் பைபிளின் ஆதியாகமக் கதையைக் கிழித்தெடுத்தார். நம் நாட்டில் 1854 ஏப்ரலில் ஆக்ராவில் முஸ்லிம் அறிஞர் ரஹ்மத்துல்லாஹ் கைரானவியும் ஜெர்மானிய மிஷனரி பாண்டரும் நேருக்கு நேர் மோதினார்கள். ஆக, எங்கள் பையன்கள் தாங்களே கண்டுபிடித்ததாக நினைத்த ஒவ்வொரு வாதத்துக்கும் பல நூறு ஆண்டு வயது. அதை அவர்களுக்குச் சொன்னபோது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது அவர்களுக்கு.

நடந்தது

ஆகஸ்டு மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, உணவுக்கூடத்துக்கு வெளியே இருந்த அறிவிப்புப் பலகையில் ஒரு நகல் தாள் ஒட்டப்பட்டிருந்தது. எசேக்கியேல் 23-லிருந்து 20-ஆம் வசனம் மட்டும். கழுதை, குதிரை என்று ஒப்பிட்டு ஆண்களின் உறுப்பைச் சொல்லும் வசனம் அது. அதன் கீழே நீலப் பேனாவில், “இதை உங்க அக்கா முன்னால வாசிப்பியாலே?” என்று எழுதியிருந்தது. ‘மஞ்சள் புத்தகம்’ என்ற வார்த்தையும் இருந்தது. எழுதியவர் வணிகவியல் மாணவர் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அவரும் மறைக்கவில்லை.

மறுநாள் காலை அதே இடத்தில் இன்னொரு தாள். குர்ஆனின் 2:223-உம், சொர்க்கத்துக் கன்னியரைச் சொல்லும் 78:33-உம் தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து நகல் எடுக்கப்பட்டிருந்தன. கீழே அதே கேள்வி, ‘அக்கா’ இருந்த இடத்தில், முஸ்லிம் வீடுகளில் அக்காவை அழைக்கும் ‘ராத்தா’. கூடவே நபிகளின் மணவாழ்க்கையைப் பற்றி ஒரு வரி. அந்த வரியை இங்கே எழுத மாட்டேன். ஊருக்குள் போயிருந்தால் காலையில் கடைகள் அடைத்திருக்கும்.

காலை உணவின்போது தட்டு பறந்தது. ஒரு முதலாமாண்டுப் பையனின் புருவத்தில் பட்டு இரண்டு தையல். சண்டைக்கும் அந்தப் பையனுக்கும் சம்பந்தமே இல்லை; இட்லி வாங்க வரிசையில் நின்றவன்.

கவனித்தவை

இருவரையும் தனித்தனியாக அழைத்து நீண்ட நேரம் கேட்டேன். திட்டுவதற்காக அழைக்கவில்லை, என்ன வலிக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

வணிகவியல் மாணவர் முதலில் ஆபாசம், ஆபாசம் என்றே பேசிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் போனதும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. “எங்க குடும்பத்துல ரெண்டு பேருக்கு தாவூதுன்னு பேரு சார். அவங்க பைபிள்ல தாவூது நபி அடுத்தவன் பொண்டாட்டியோட இருந்தாருன்னு எழுதியிருக்கு. லூத் நபியைப் பத்தி எழுதியிருக்கிறத வாயால சொல்ல முடியாது. அதைக் கேக்கும்போது எனக்கு எங்க வாப்பாவைச் சொன்ன மாதிரி இருக்கு.” இங்கேதான் விஷயம் இருந்தது. இஸ்லாத்தில் லூத்தும் (பைபிளில் லோத்து) தாவூதும் (பைபிளில் தாவீது) நபிமார்கள். நபிமார்கள் பெரும்பாவங்களிலிருந்து காக்கப்பட்டவர்கள் என்பது அவர்கள் கொள்கை. கிறிஸ்தவர்களுக்கோ லோத்து தீர்க்கதரிசியே இல்லை. ஆபிரகாமின் சகோதரன் மகன். தாவீது பெரிய ராஜா, பெரிய பாவி, பெரிய மனந்திரும்புதலுக்கு உதாரணம். உரியாவின் மனைவி கதையைச் சொல்லாமல், தாவீதின் மனந்திரும்புதல் பாட்டான 51-ஆம் சங்கீதத்தை ஒரு சபையிலும் விளக்க முடியாது.

இயற்பியல் மாணவரிடம் கேட்டபோது வசனங்களைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. “அம்மா தினமும் விடியக்காலைல எழுந்து அந்தப் புத்தகத்தைத்தான் சார் மடியில வச்சிருப்பாங்க. அதைப் போய் மஞ்சள் புத்தகம்னு எழுதியிருக்கான். அவன் எங்க வீட்டுக்கு வந்து அம்மா கையால சாப்பிட்டவன்.” பதிலுக்குத் தான் ஒட்டிய குர்ஆன் வசனங்களை எங்கே எடுத்தாய் என்று கேட்டேன். ஒரு காணொளியில் வந்த எண்களை வைத்துத் தேடியிருக்கிறார். முன்பின் வசனங்களைப் படிக்கவில்லை. மற்றவரும் எசேக்கியேலில் அந்த ஒரு வசனத்துக்கு மேல் படித்ததில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். இருவரும் வேதம் என்ற ஒரே சொல்லைச் சொன்னாலும், அந்தச் சொல்லிலிருந்து எதிர்பார்ப்பது வேறு. முஸ்லிம் மாணவருக்குக் குர்ஆன் இறைவனே பேசிய பேச்சு, தொழுகையில் ஓதப்படுவது. அதில் வரும் எந்தச் சொல்லும் இறைவன் பேசுவதற்குத் தக்கதாக இருக்க வேண்டும். அதே அளவுகோலை அவர் பைபிளுக்கும் வைக்கிறார். கிறிஸ்தவ மாணவருக்கு வேதாகமம் பல காலத்து மனிதர்கள் ஆவியின் ஏவுதலால் எழுதிய வரலாறு, பாட்டு, புலம்பல், கடிதம். பாவம் நடந்தால் நடந்தபடி எழுதியிருக்கும். இந்த வித்தியாசத்தை முதலில் மேசைமேல் வைக்காமல் வசனத்தை எடுத்து வைப்பதில் பயனே இல்லை என்பது என் கருத்து.

வேதத்தில் இப்படி இருக்கலாமா என்ற சங்கடம் ஒரு மதத்தார் இன்னொரு மதத்தார்மேல் ஏவிய ஆயுதம் மட்டுமில்லை. அது அந்தந்த வீட்டுக்குள்ளேயே இருந்த சங்கடம். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், யாக்கோபின் மகன் ரூபன் தன் தகப்பனின் மறுமனையாட்டியிடம் போன செய்தியை ஜெப ஆலயத்தில் வாசிக்கலாம், ஆனால் மக்கள் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டாம் என்று விதி இருக்கிறது. எருசலேமைச் சோரம் போன பெண்ணாகச் சொல்லும் எசேக்கியேல் 16-ஐ ஆலயத்தில் வாசிக்கவே கூடாது என்று ரபி எலியேசர் சொன்னதும் அங்கேயே பதிவாகியிருக்கிறது. முஸ்லிம்களிலும் அப்படி ஒரு கிளை இருந்தது. இஸ்லாத்தின் தொடக்க காலத்தில் பிரிந்து போன காரிஜியர்களில் ஒரு சிறு பிரிவினர், காதல் கதை இறைவேதத்தில் இருக்க முடியாது என்று சொல்லி யூசுப் அத்தியாயத்தையே குர்ஆனில் சேர்க்க மறுத்தார்கள் என்று 12-ஆம் நூற்றாண்டு அறிஞர் ஷஹ்ரஸ்தானி எழுதுகிறார். முஸ்லிம் உலகம் அந்த வாதத்தை ஒதுக்கித் தள்ளியது. ‘கதைகளில் மிக அழகானது’ என்று குர்ஆன் (12:3) சொல்லும் கதை அது.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. இரண்டு தாள்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்டன: உன் வீட்டுப் பெண் முன்னால் இதை வாசிப்பாயா? சண்டை முழுவதும் பெண்களின் காதைப் பற்றியது. ஆனால் ஒரு பெண்ணையும் யாரும் கேட்கவில்லை.

முடிவுகளும் காரணங்களும்

கல்லூரி முதல்வர் இருவரையும் இடைநீக்கம் செய்து போலீஸில் புகார் கொடுக்கலாம் என்ற எண்ணத்தில் இருந்தார். நான் வேண்டாம் என்று வாதாடினேன். அப்போது நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம் 295ஏ (இன்று பாரதிய நியாய சன்ஹிதா 299) மத உணர்வைப் புண்படுத்துவதற்கு மூன்றாண்டு வரை சிறை தரும். ஆனால் வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு செய்ததாக இருக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1957-லேயே தெளிவாக்கியிருக்கிறது. 19, 20 வயதுப் பையன்கள் கோபத்தில் ஒட்டிய தாள் அந்த வரம்புக்குள் வராது என்று எனக்குப் பட்டது. வழக்கு என்று போனால் தாள்களின் வாசகம் காவல் நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும். அதுதான் பெரிய அபாயம். முதல்வர் யோசித்து ஒப்புக்கொண்டார். தாள்களைக் கழற்றி உறையில் போட்டு அவரே பூட்டி வைத்தார். தட்டு எறிந்தவருக்கு மட்டும் அபராதமும், அடிபட்ட பையனின் மருத்துவச் செலவும்.

இரண்டாவது, விவாத மேடை கேட்டு வந்த கோரிக்கையை மறுத்தோம். இரு பக்கத்து மாணவர்களும், நல்ல பேச்சாளரைக் கூட்டி வருகிறோம், வாதம் நடக்கட்டும் என்றார்கள். வெளியிலிருந்து இரண்டு அமைப்புகள் தொலைபேசியில் கேட்கவும் செய்தன. தமிழில் அப்படிப்பட்ட மேடைகள் நிறைய நடந்திருக்கின்றன, நானும் பார்த்திருக்கிறேன். மேடையில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும். அந்த நேரத்துக்குள் அடுத்தவன் புத்தகத்திலிருந்து ஒரு வரியை உருவிக் கூட்டத்துக்குக் காட்டலாம். ஒரு அதிகாரத்தைப் படிக்க முடியாது. அந்த மேடையிலிருந்து புதிதாக இருபது துண்டுகள் வெட்டப்பட்டு அடுத்த விடுதிக்குப் போகும்.

மூன்றாவது, ஒரு மூடிய வாசிப்பு வைப்பது என்று முடிவெடுத்தோம். விதிகள் மூன்றுதான். அவரவர் வேதத்தை அவரவர் மட்டுமே விளக்க வேண்டும். வசனமாக இல்லாமல் அதிகாரமாக வாசிக்க வேண்டும். கைப்பேசிகள் வெளியே.

நான்காவது, வாசிப்பவர்களாக இரண்டு பெண்களை அழைத்தேன். ஒருவர் எங்கள் கல்லூரியிலேயே முதுகலை ஆங்கிலம் படித்த கிறிஸ்தவப் பெண், சி.எஸ்.ஐ. சபையில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை. இன்னொருவர் முதுகலைத் தமிழ் படித்த ஆலிமா, அதாவது மார்க்கக் கல்வி முடித்த பெண். பெண்கள் மதரஸாவில் பாடம் நடத்துபவர். பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் (இமாம்), சி.எஸ்.ஐ. சபை ஐயரும் (போதகர்) இதற்கு முதலில் தயங்கினார்கள். பையன்கள் முன்னால் பொம்பளைப் பிள்ளைகள் இதையெல்லாம் வாசிப்பதா என்றார் ஐயர். ஆலிமாவின் கணவரிடம் ஹஜ்ரத்தே பேசினார். இரண்டு பெண்களும் தாங்களாகவே சம்மதித்தார்கள். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “சார், நான் முழு அதிகாரத்தையும் வாசிப்பேன். நடுவுல யாரும் நிறுத்தக் கூடாது.”

வாசிப்பு

சனிக்கிழமை மதியம், நூலகத்தின் வாசிப்பறை. பத்துப் பேருக்கு உள்ளேதான். ஹஜ்ரத் 29:46-ஐ ஓதினார்: வேதக்காரர்களோடு அழகிய முறையில் அன்றித் தர்க்கம் செய்யாதீர்கள். ஐயர் 1 பேதுரு 3:15-ஐச் சொன்னார்: சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லுங்கள். இருவரும் அதோடு அமர்ந்துவிட்டார்கள்.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை எசேக்கியேல் 23-ஐ முதல் வசனத்திலிருந்து 49-ஆம் வசனம் வரை வாசித்தார். குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. அகோலாள், அகோலிபாள் என்ற இரண்டு சகோதரிகள். ஒருத்தி சமாரியா, ஒருத்தி எருசலேம் என்று நாலாம் வசனமே சொல்லிவிடுகிறது. பலகையில் ஒட்டிய 20-ஆம் வசனம் வந்தபோது இரண்டு பையன்கள் தலையைக் குனிந்தார்கள். அவர் நிறுத்தாமல் போனார். 25-ஆம் வசனத்தில் அவளுடைய மூக்கையும் காதையும் அறுப்பார்கள் என்று வருகிறது. பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போவார்கள், துணியை உரிவார்கள். அறையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த அதிகாரத்தில் இப்படியும் இருக்கிறது என்று அங்கிருந்த பையன்களில் யாருக்கும், இரண்டு தரப்பிலும், தெரிந்திருக்கவில்லை.

முடித்துவிட்டு விளக்கினார். சமாரியா கி.மு. 722-ல் அசீரியரிடம் விழுந்தது. எசேக்கியேல் கி.மு. 597-ல் பாபிலோனுக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்களோடு போன ஆசாரியர். எருசலேமின் ஆட்சியாளர்கள் ஒரு நாள் எகிப்தோடும் ஒரு நாள் பாபிலோனோடும் கைகோத்து, கர்த்தரோடு செய்த உடன்படிக்கையை மறந்தார்கள். அந்த அரசியலைத்தான் தீர்க்கதரிசி சோரம் போவது என்கிறார். கேட்டவர்கள் ஊரை ஆண்ட ஆம்பளைகள். அவர்களைக் கூச வைக்கத்தான் இவ்வளவு கூசும் சொற்கள். இதுவரை சபைகளில் சொல்லப்படும் விளக்கம். அப்புறம் அவர் சொன்னது:

“இதை வாசிக்க எனக்கு வெட்கமா இல்ல. உலகத்துல இருக்கிற விஷயம்தான். ஆனா ராஜாக்கள் பண்ணின தப்புக்கு ஒரு பொம்பளை உடம்பை வச்சுத் தண்டனை சொல்லியிருக்கு. 48-ஆம் வசனம், எல்லாப் பெண்களும் இதைப் பார்த்துப் புத்தி படிக்கணும்னு சொல்லுது. அது எனக்கு இன்னைக்கும் கஷ்டமாதான் இருக்கு. என் வேதம்தான், நான் விடல. நீங்க ரெண்டு பேரும் அக்கா முன்னால வாசிப்பியான்னு கேட்டீங்க. அக்கா வாசிச்சிட்டேன். எனக்கு வேற கேள்வி இருக்கு.”

யாரும் பதில் சொல்லவில்லை. ஐயர் ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார். நல்லதே செய்தார்.

ஆலிமா யூசுப் அத்தியாயத்தை எடுத்தார். 111 வசனங்களில் எஜமானின் மனைவி வரும் பகுதியை முழுவதும் ஓதி, பொருள் சொன்னார்: கதவுகளை அடைத்தது, சட்டை பின்புறம் கிழிந்தது, அதையே சாட்சியாக வைத்தது, ஊர்ப் பெண்கள் அவரைக் கண்டு கையை வெட்டிக்கொண்டது. ஆசையைச் சொல்ல வேண்டிய இடத்தில் குர்ஆன் சொல்கிறது, ஆனால் எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்துகிறது என்பது அவர் வாதம். காரிஜியப் பிரிவின் செய்தியை அவரே எடுத்துச் சொன்னார். 2:223-க்கும் வந்தார். தாம்பத்தியத்தில் இப்படிச் செய்தால் பிள்ளை மாறுகண்ணாகப் பிறக்கும் என்று மதீனாவில் இருந்த பேச்சை ஒட்டி அந்த வசனம் இறங்கியது என்ற ஹதீஸை (நபிகள் காலத்துச் செய்தியை) சொன்னார். அதை அவர் சொன்ன விதம் எனக்கு நினைவிருக்கிறது. மதரஸாவில் குளிப்பு, மாதவிடாய்ச் சட்டம் நடத்துவதுபோல, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். “உம்மு சுலைம் நாயகி நபிகள்கிட்டே போய், உண்மையைச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படமாட்டான்னு சொல்லிட்டுத்தான் பெண்களுக்கு வர்ற கனவைப் பத்திக் கேட்டாங்க. புஹாரி ஹதீஸ் தொகுப்புல இருக்கு. எங்க முன்னால எதை வாசிக்கலாம்னு நீங்க கவலைப்பட வேண்டாம், தம்பி.”

பிறகு அவர் வணிகவியல் மாணவரைப் பார்த்துக் கேட்ட கேள்விதான் அன்றைய திருப்பம். அந்த மாணவர் அதற்கு முந்தைய வருடம் ஒரு துண்டறிக்கை கொடுத்திருந்தார். பைபிளின் காதல் பாட்டான உன்னதப்பாட்டு 5:16-ல் நபிகளின் பெயர் வருகிறது என்று. இப்போது அதே உன்னதப்பாட்டையும் எசேக்கியேலோடு சேர்த்து ஆபாசம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். “அந்தப் பாட்டுல நம்ம நபி பேரு இருக்குன்னும் சொன்னீங்க. அது மஞ்சள் புத்தகம்னும் சொல்றீங்க. நபி பேரு அப்படிப்பட்ட இடத்துல இருக்குமா? ரெண்டுல எதை வச்சுக்கிறீங்க தம்பி?”

அவர் நீண்ட நேரம் பேசவில்லை. அப்புறம், “எழுதின அந்த வார்த்தை தப்பு ராத்தா” என்றார். ஆலிமா அவரை அதோடு விட்டார். ஆனால் கிறிஸ்தவர்கள் பக்கம் திரும்பி இதையும் சொன்னார்: “லூத் நபியைப் பத்தி உங்க புத்தகத்துல இருக்கிறதை நான் ஏத்துக்கமாட்டேன். என்ன விளக்கம் சொன்னாலும் ஏத்துக்கமாட்டேன். நபிமார்கள் மானம் எங்களுக்கு உசிரு. அதை நீங்களும் தெரிஞ்சு வச்சுக்கணும்.”

உன்னதப்பாட்டின் 117 வசனங்களை அன்று வாசிக்க நேரம் இல்லை. யூதர்களும் கிறிஸ்தவர்களும் அதை வேறு வேறு விதமாகப் படித்ததை மட்டும் நான் சொன்னேன். யூத அறிஞர் ரபி அகிபா அதை வேதங்களிலேயே மகா பரிசுத்தமானது என்றார். 12-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவத் துறவி பெர்னார்டு அதன்மேல் 86 பிரசங்கம் செய்தும் மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தைத் தாண்டவில்லை. கடவுளைக் காதலனாகவோ காதலியாகவோ பாடுவது தமிழ்க் காதுக்குப் புதிதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியில் தேவமோகினி கிறிஸ்துவின்மேல் காதல் கொண்டு தவிக்கிறாள். குணங்குடி மஸ்தான் சாகிபு மனோன்மணிக் கண்ணியில் பரம்பொருளையே பெண்ணாக்கி ஏங்குகிறார். சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் தமிழில் ஒரு கிறிஸ்தவரும் ஒரு முஸ்லிமும் ஒரே மரபை எடுத்துத் தங்கள் இறைவனைப் பாடியிருக்கிறார்கள். இயற்பியல் மாணவருக்கு அந்த இரண்டு பெயர்களுமே புதிது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. நம் பள்ளிப் பாடங்கள் இதைச் சொல்லித் தந்திருந்தால் அந்தப் பலகையில் ஒட்டியிருக்க வேண்டியது வேறாக இருந்திருக்கும்.

பின்விளைவு

இயற்பியல் மாணவர் நபிகளைப் பற்றி எழுதிய வரிக்கு மன்னிப்புக் கேட்டார். ஹஜ்ரத்திடம் நேரில் போய்க் கேட்டார். ஹஜ்ரத் 6:108-ஐ வணிகவியல் மாணவருக்குத்தான் சொன்னார்: மற்றவர்கள் வணங்குபவற்றைத் திட்டாதீர்கள், அவர்கள் அறியாமல் அல்லாஹ்வைத் திட்டுவார்கள். உன் தாள்தான் அந்தத் தாளைக் கூட்டிவந்தது என்று அவருக்கு விளங்கும்படி சொன்னார். வணிகவியல் மாணவர் ‘மஞ்சள் புத்தகம்’ என்ற சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டார். கேள்விக்குக் கேட்கவில்லை. வேதத்தில் இப்படி வரலாமா என்று கேட்பது தன் உரிமை என்றார். அது சரிதான் என்றே நானும் நினைக்கிறேன்.

எல்லாம் பழையபடி ஆகவில்லை. இருவரும் வேறு வேறு அறைக்கு மாறிக்கொண்டார்கள். அந்தப் பருவம் முழுவதும் உணவுக்கூடத்தில் தனித்தனி மேசை. உம்மா அனுப்பும் பலகாரம் மட்டும் அடுத்த பருவத்திலிருந்து மறுபடி கைமாறியது. அதையும் பையன்கள் வழியாக. ஒரு தகப்பனார் தன் மகனை வேறு கல்லூரிக்கு மாற்றிக்கொண்டார். விவாதம் கேட்டிருந்த அமைப்புகளில் ஒன்று, கல்லூரி ஒருபக்கச் சார்பு என்று நோட்டீஸ் அடித்தது. கொஞ்ச நாளில் அடங்கிவிட்டது.

விடுதியில் மாணவர்களே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டார்கள். யாராவது காணொளித் துண்டைக் காட்டினால், அதிகாரம் முழுசும் படிச்சியா என்று கேட்பது. அடுத்த ஆண்டு முதலாமாண்டுப் பையன்கள் இருவர் இதே எசேக்கியேலைக் கையில் எடுத்தபோது, மூத்த மாணவர்களே நூலகத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். என் காதுக்கு வந்தது அது முடிந்த பிறகுதான்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

பெண்களை நாலாவது முடிவாக இல்லாமல் முதல் முடிவாக அழைக்க வேண்டும். ஆசிரியைகள் இருவரைத் தவிர மாணவியர் யாரும் அன்று அறையில் இல்லை. கேட்பவர்களாகவும் நாலைந்து மாணவியர் இருந்தால் பேச்சு இன்னும் ஆழமாகப் போகும்.

ஒரே மதியத்தில் எசேக்கியேல், யூசுப், உன்னதப்பாட்டு மூன்றும் கொள்ளாது. உன்னதப்பாட்டுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். கத்தோலிக்க மாணவர்களும் விடுதியில் பலர் உண்டு. அவர்கள் தரப்பில் ஒரு ஃபாதரோ சிஸ்டரோ வருவது நல்லது. பெந்தெகொஸ்தே மாணவரின் பாஸ்டரையும் தொடக்கத்திலேயே அழைக்க வேண்டும். தன் சபை இதில் இல்லை என்ற குறை அந்த மாணவருக்குக் கடைசிவரை இருந்தது.

பெற்றோருக்கு அன்றைக்கே கல்லூரி தகவல் சொல்ல வேண்டும். இந்த முறை செய்தி ஊர் வழியாக, கூட்டிக் குறைத்துப் போய்ச் சேர்ந்தது. புருவத்தில் தையல் போட்ட பையனின் வீட்டுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

லூத், தாவூது பற்றிய கருத்து வேறுபாட்டை எந்த வாசிப்பும் தீர்க்காது. அதைத் தீர்ப்பதாக யாரும் அறிவித்துக்கொண்டு கூட்டம் போட வேண்டாம். அழைப்பிலேயே அதைச் சொல்லிவிட்டால், மனம் மாற்றப் போகிறார்கள் என்ற பயம் இல்லாமல் இரண்டு தரப்பும் வருவார்கள். எங்கள் கல்லூரியில் இப்போது முதலாமாண்டு அறிமுக வாரத்தில் இதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். அதே ஆலிமாவும் அதே ஆசிரியையும்தான் நடத்துகிறார்கள்.